எல்லா வேகன்சிக்கும் ஒரே கேண்டிடேட்

உலகத்திலேயே ஒரே வேலைக்கு அதிக முறை விண்ணப்பித்து, அதிக முறை நிராகரிக்கப்பட்டு, அதற்காக ஒரு தடவைகூட முகம் கோணாத மனிதர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் பதில் சொல்வேன்: எங்கள் மட்டாஞ்சேரி கேண்டிடேட். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. விண்ணப்பத்தில் அதைத்தான் எழுதுவார். நாங்கள்தான் உறையைப் பிரித்து அந்தப் பெயர் வரைக்கும் படித்ததில்லை. உறையின் மேலே கையெழுத்தைப் பார்த்ததும், "ஓ, கேண்டிடேட்டா?" என்று ஓரமாக வைத்துவிடுவோம்.

நான் மட்டாஞ்சேரியில் ஒரு தனியார் கல்லூரியில் ஆபீஸ் சூப்பிரண்ட். எங்கள் கல்லூரிக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. கேரளத்தில் கல்லூரி என்று ஒன்று இருந்தால் கால்பந்து அணி இருந்தே ஆக வேண்டும். அது ஜெயிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. எங்கள் பையன்கள் சட்டம் சொல்லாத எதையும் செய்ய மாட்டார்கள். வருடா வருடம் களமசேரிக்குப் போவார்கள், அங்கே ஒரு கல்லூரியிடம் கௌரவமாகத் தோற்பார்கள், வழியில் பொரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். மறுநாள் காலையில் மேனேஜர், அதாவது கல்லூரியை நடத்துகிற டிரஸ்டின் தலைவர், கோச்சை அழைத்து நன்றி சொல்வார். நன்றி என்றால் வேலை போயிற்று என்று அர்த்தம். ஒரே ஒரு கோச் மட்டும் விவரமானவர். களமசேரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் இருந்தபடியே ராஜினாமாவை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு, வழியிலேயே இறங்கிக்கொண்டார்.

என் அறைக்கு வெளியே வராந்தாவில், இதுவரை இருந்த கோச்சுகளின் பெயர்களைத் தங்க நிறத்தில் எழுதிய மரப்பலகை ஒன்று தொங்குகிறது. பிரின்சிபால்களின் பலகையில் இன்னும் பாதி இடம் காலி. கோச்சுகளுக்கு இரண்டாவது பலகையே அடித்தாகிவிட்டது. பெயிண்டர் ஒவ்வொரு தடவையும் என்னிடம் வந்து, "சேட்டா, இந்த ஆளு நிக்குமா? இல்ல பென்சில்ல எழுதிட்டுப் போகட்டா?" என்று கேட்பார்.

கேண்டிடேட்டுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான். அந்தப் பலகையில் தன் பெயர் வர வேண்டும்.

தொழிலில் அவர் மிளகு, சுக்குத் தரகர். தரகருக்குச் சொந்தமாக ஒரு மூட்டை இருக்காது. ஒருத்தர் சரக்கை இன்னொருத்தரிடம் புகழ்ந்து முடித்துக் கொடுப்பதுதான் வேலை. இரண்டு மிளகை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து, ஊதி, "இது முளகில்லை கேட்டியா, முத்தாக்கும்" என்று ஆரம்பித்தால் வாங்க வந்தவன் வாங்காமல் போனதாகச் சரித்திரம் இல்லை. இப்போது பஜார் ரோட்டில் பாதி வியாபாரம் போனிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் வாங்குகிறவன் முகத்தில் சந்தேகம் தெரிந்தால் கேண்டிடேட்டைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

கால்பந்தில் அவருடைய தகுதி என்ன என்று கேட்பீர்கள். மேனேஜரும் ஒவ்வொரு தடவையும் கேட்டார். இதே கல்லூரியில் படித்த காலம் முழுக்க அவர் ரிசர்வ் கோல்கீப்பர். ஒரே ஒரு ஆட்டத்தில், அதுவும் கடைசிச் சில நிமிடங்களுக்கு, அவரை இறக்கினார்கள். நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து எவனோ பொழுது போகாமல் தூக்கி அடித்த பந்து கோலுக்குள் போய் விழுந்தது.

"காயல் காத்து தம்பி! பந்து நேரா என் கைக்குத்தான் வந்தது. காத்தாக்கும் திருப்பிக் கொண்டுபோச்சு" என்பார்.

முப்பது வருடமாக அந்தக் காற்றைப் பற்றிக் கேட்காத காது மட்டாஞ்சேரியில் இல்லை. வானிலை இலாகாவுக்கு மட்டும்தான் அந்தக் காற்று பற்றித் தகவல் கிடையாது.

ஒரு தடவை, புது கோச் வந்து சேரும்வரை ஒரு காலைப் பொழுது அணியைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லிவிட்டோம். பையன்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவன் கெண்டைக்காலையும் சுக்கை அமுக்கிப் பார்ப்பது போல அமுக்கினார். "இது நல்லா முத்தினது, எடுத்து வை. இதுக்கு உள்ளே ஈரம் இருக்கு, வெயில்ல போடு" என்று இரண்டாகப் பிரித்தார். ஈரம் இருந்தவர்கள் மதியம்வரை வெயிலில் காய்ந்தார்கள். சுக்கைக் கடித்துப் பார்த்துத்தான் முடிவாகத் தரம் சொல்வார் என்று யாரோ கேப்டனிடம் சொல்லிவைக்க, கேப்டன் சுவரேறிக் குதித்து வீட்டுக்கே போய்விட்டான்.

இன்டர்வியூ நாளில் அவர்தான் முதலில் வருவார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. உட்கார்ந்த மாத்திரத்தில் மற்ற கேண்டிடேட்டுகளுக்குச் சாயா சொல்லி, மேனேஜர் எப்படிப்பட்டவர், எதைக் கேட்பார், எதைச் சொன்னால் தலையாட்டுவார் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுப்பார். போட்டிக்கு வந்தவனைத் தேய்த்து மெருகேற்றி உள்ளே அனுப்பிவிட்டு, இவர் கடைசியாகப் போய்க் காற்றைப் பற்றிப் பேசிவிட்டு வருவார். பலகையில் இருக்கும் பெயர்களில் பாதி அவர் தயார் செய்து அனுப்பிய ஆட்கள்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு வழக்கம்போல் களமசேரியில் தோற்று, வழக்கம்போல் நன்றி சொல்லி முடித்ததும் மேனேஜர் என்னை அழைத்தார். அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"கோச்சிங் லைசென்ஸ் வைத்திருந்தவன் எல்லாம் தோற்றான். நம் கேண்டிடேட்டும் தோற்பான். ஆனால் இவனை வெளியே அனுப்பினாலும் அடுத்த இன்டர்வியூவுக்கு இவனே வந்து நிற்பான், ஆள் தேட வேண்டாம். இந்தத் தடவை இவனையே போட்டுவிடலாம். மற்றவர்களைப் பேருக்குக் கூப்பிடு."

நிர்வாகத் திறமை என்பது இதுதான் என்று வியந்துகொண்டே பஜார் ரோட்டுக்கு ஓடினேன். கேண்டிடேட் ஒரு குடோனில் மிளகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பக்கத்தில் இருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது.

"போர்டுல இனிஷியலோட எழுதுவாங்களா தம்பி?"

"எழுதுவாங்க அண்ணா. ஆனா நான் சொல்றதைக் கேளுங்க. வராந்தால யார்கிட்டயும் வாய் திறக்கக் கூடாது. உள்ளே போனா 'செரி சார்'. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். காத்து வேண்டவே வேண்டாம்."

"சத்தியமா பேச மாட்டேன். செரி சார், அவ்வளவுதானே? மதி, அது போதும்."

இன்டர்வியூ நாளும் வந்தது. பேருக்கு அழைத்த ஆட்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் லேப்டாப்போடு வந்திருந்தார். அதில் முதல் படத்தில் அவர் இருந்தார். அடுத்த படத்திலும் அவரே இருந்தார். பந்து எங்காவது வருகிறதா என்று பொறுமையாகப் பார்த்தேன், வரவில்லை. இன்னொருவர் ஜிம் நடத்துகிறவர். "மசில் இருந்தா பந்து தானா வரும்" என்று நாற்காலி முனக முனகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவதாக, தோப்பும்படியிலிருந்து ஒரு பெண். முப்பது வயது இருக்கும். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஹார்பரில் ஐஸ் வேலைக்கு வந்து தங்கிவிட்டவர். முறையாகப் பயிற்சி லைசென்ஸ் வாங்கி, ஒரு பள்ளிக்கூட அணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் தொங்கிய பையில் பந்து இருந்தது. அன்று பந்தோடு வந்தவள் அவள் ஒருத்திதான்.

"லேடீஸ் டீமுக்கும் வேகன்சியா?" என்று லேப்டாப்காரர் கேட்க, ஜிம்காரர் சிரித்தார். பிரின்சிபால் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இது பையன்கள் டீம்னு அந்தக் குட்டிகிட்ட சொல்லிடு" என்று, ரகசியமாக, வராந்தா முழுக்கக் கேட்கும்படி என்னிடம் சொன்னார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அதுவரை கேண்டிடேட் வாயில் வெற்றிலை அடக்கியவர் போல உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தார். அவள் எழுந்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வந்த வியாபாரம் முடியாமல் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார ஒரு தரகரால் முடியாது.

"மோளே, எங்க போற?"

"அண்ணா!" என்று பல்லைக் கடித்தேன்.

"பேசலே தம்பி, கேட்டேன், அவ்வளவுதான்."

"போறேன் அண்ணாச்சி. இங்க ஏற்கனவே ஆள முடிவு பண்ணிட்டாங்கன்னுல்லா பேசிக்கிடுதாங்க" என்றாள் அவள்.

"ஆமா, அது நானாக்கும்" என்று கேண்டிடேட் நெஞ்சை நிமிர்த்தினார். வாயைத் திறந்த பிறகு காற்று வராமல் இருக்குமா? நடுக்கோடு, தூக்கி அடித்த பந்து, காயல் காற்று எல்லாம் வரிசையாக வந்தன. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் சிரிப்பார்கள், அல்லது ஓடுவார்கள். அவள் இரண்டும் செய்யவில்லை. "அன்னைக்கு எப்படி நின்னீங்க? நின்னு காட்டுங்க" என்றாள்.

இஸ்திரி கலைந்தாலும் பரவாயில்லை என்று கேண்டிடேட் வராந்தாவில் கையை விரித்து நின்றார். அவள் சுற்றிவந்து பார்த்தாள்.

"ரெண்டு காலையும் ஒட்டி வச்சுக்கிட்டு, குதிகால்ல நிக்கீங்க அண்ணாச்சி. இப்படி நின்னா பந்து தலைக்கு மேல போற வரைக்கும் நவுர முடியாது. காத்து என்ன செய்யும், பாவம்?"

தன் ஷூவால் அவர் காலைத் தள்ளி அகட்டி வைத்தாள். பிறகு பந்தை எடுத்து, வராந்தாவின் அந்த முனைக்குப் போய், உயரமாகத் தூக்கி எறிந்தாள். கேண்டிடேட் பின்னால் இரண்டு எட்டு வைத்தார். பந்து அவர் கையில் இருந்தது. ஜிம்காரர்கூடக் கை தட்டினார். கேண்டிடேட் பந்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முப்பது வருஷமா காத்தைத் திட்டிட்டிருந்தேனே" என்றார் மெதுவாக.

அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். குறிப்பெடுக்க நானும் போனேன். மேனேஜர் சிரித்தபடி, "என்ன கேண்டிடேட், நீங்களே கோச்சாக இருந்துவிடுங்கள், சரிதானே?" என்றார்.

"செரி சார்" என்றார் கேண்டிடேட். எனக்கு மூச்சு வந்தது.

"ஆனா சார், வெளியே ஒரு பொண்ணு இருக்கா." எனக்கு வந்த மூச்சு நின்றது.

அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் தாமாகவே ஒன்றையொன்று தேய்க்க ஆரம்பித்திருந்தன. குரல் பஜார் குரலாக மாறிவிட்டது. "நான் கோச் ஆனா பையன்களுக்குக் காத்தைத்தான் சார் சொல்லிக்கொடுப்பேன். அவ காலைச் சொல்லிக்கொடுப்பா."

"பெண் கோச்சா? களமசேரிக்காரன் சிரிப்பானே!" என்றார் மேனேஜர்.

"சிரிக்கட்டும் சார். அவன் நின்னு சிரிக்கிற நேரத்துல நாம கோல் போட்டுரலாம்."

பிரின்சிபால் குறுக்கே வந்தார். "பையன்கள் அவள் சொன்னால் கேட்பார்களா?"

"இப்போ நீங்க சொன்னா கேக்கிறாங்களா சார்?"

பிரின்சிபால் ஜன்னலுக்கு வெளியே தென்னைமரத்தைப் பார்க்கத் தொடங்கினார். கேண்டிடேட் விடவில்லை. பேசிக்கொண்டே போய் மேனேஜர் முன்னால் கையை நீட்டினார். மேனேஜர் பரம்பரையாக மிளகு வியாபாரக் குடும்பம். பஜாரில் தரகன் நீட்டிய கையைப் பிடித்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதன்பின் பேச்சு மாறினால் தெருவில் தலைகாட்ட முடியாது. நீட்டிய கையைக் கண்டதும் மேனேஜரின் கை, அவரைக் கேட்காமலேயே, நீண்டு பிடித்துக் குலுக்கிவிட்டது. அப்புறம்தான் அவருக்கு என்ன செய்தோம் என்று தெரிந்தது. என்ன பிரயோஜனம்?

கேண்டிடேட் வராந்தாவுக்கு வந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "முடிச்சுக் கொடுத்துட்டேன் தம்பி!" என்றார்.

"எதை அண்ணா முடிச்சுக் கொடுத்தீங்க?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தார். அண்ணாந்து பலகையைப் பார்த்தார். நான் திட்ட வாயெடுத்தேன். வாயில் வந்த வார்த்தைகள் இந்தப் பத்திரிகையில் அச்சாகக் கூடியவை அல்ல.

"எடா தம்பி, அவளுக்குப் பெரிய பேரா?" என்று கேட்டார். "கடைசிப் பேருக்குக் கீழ கொஞ்சம் எடந்தான் இருக்கு. பத்துமா?"

எனக்குத் திட்டு மறந்துபோயிற்று. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவள் வந்ததிலிருந்து எங்கள் அணி சட்டம் சொல்லாததையும் செய்ய ஆரம்பித்துவிட்டது. ஜெயிக்கிறது. பெயிண்டர் இந்தப் பக்கமே வருவதில்லை. மேனேஜர் பெண் கோச்சைப் போட்டது தன் நீண்ட நாள் கனவு என்று மேடைதோறும் பேசுகிறார், பிரின்சிபால் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறார். கேண்டிடேட் தினமும் சாயங்காலம் வந்து கோலுக்குப் பின்னால் நின்று யோசனை சொல்கிறார். அவள் "செரி அண்ணாச்சி" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, நேர்மாறாகச் செய்கிறாள்.

போன மாதம் களமசேரியில் ஆட்டம். நாங்கள் ஒரு கோல் பின்னால் இருந்தோம், நேரம் முடியப்போகிறது. கேண்டிடேட் குரல் கம்மும்வரை கத்தினார். குரல் போன பிறகு கையால் கத்தினார். எங்கள் பையன்கள் ஒரு கோலைத் திருப்பி, விசில் ஊதுகிற சமயத்தில் இன்னொன்றும் போட்டார்கள். அவர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, சின்னப் பையனைப் போலக் குதித்தார்.

"பார்த்தியா தம்பி! இவ இருக்கற வரைக்கும் நமக்கு வேகன்சியே வராது!"

நானும் அவரோடு சேர்ந்து குதித்தேன். கல்லூரியில் சம்பளம் வாங்குகிறவன் சொல்லக் கூடாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு பந்தும் கம்பத்தில் பட்டுத் திரும்பியிருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.