ஜமேக்கா அண்ணையின் திங்கட்கிழமை ஆட்டம்

"மைதானத்துக்குப் பொம்பிளைப் பிள்ளையளின்ரை குரல் காணாது, பிள்ளை. நீ ரோல்ஸ் விக்கிற பக்கத்தைப் பார்."

எங்கள் கோடைகால உதைபந்தாட்டப் போட்டிக்கு நேர்முக வர்ணனை செய்ய வாய்ப்புக் கேட்டபோது தலைவர் எனக்குச் சொன்ன பதில் இது. தலைவர் ஹம்பேர்க் தொடருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் தலைவரும் அவரே. போட்டிகளுக்கு ஒலிவாங்கி பிடிப்பவரும் அவரே. பல்கலைக்கழக வகுப்பு முடிந்து வந்து மாலை வேளைகளில் நான் கல்லாவில் நின்றதும் அவர் கடையில்தான். எனவே முதலாளி, தலைவர், அறிவிப்பாளர் என்று மூன்று பேர் சேர்ந்து எடுத்த முடிவாகத்தான் அதைக் கொள்ள வேண்டும்.

என் குரல் காணும், மைதானம் முழுக்க எட்டும் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்து வைத்திருந்தவர் ஜமேக்கா அண்ணை.

ஜமேக்கா நாட்டின் முதல்தர உதைபந்தாட்டத் தொடரில் தன் அணி தோற்றதற்காகக் காய்ச்சலில் படுத்த தமிழர் உலகத்தில் அவர் ஒருவர்தான். இரண்டாவது ஆள் யாராவது இருந்தால் அவரை ஹம்பேர்க்குக் கூட்டி வாருங்கள். அண்ணை தன் வீட்டில் வைத்துச் சோறு போடுவார். அவர் ஜமேக்காவுக்குப் போனதில்லை. உலக வரைபடத்தில் காட்டச் சொன்னால் கியூபாவில் விரலை வைத்து, "இதுக்குக் கிட்டடியிலைதான் எங்கையோ" என்பார். பகலில் துறைமுகத்துக் களஞ்சியசாலை ஒன்றில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினார். மிச்ச நேரமெல்லாம் ஜமேக்கா.

இந்தப் பித்து பிடித்த கதை சுவையானது. எங்கள் கடைக்கு வெள்ளிக்கிழமைகளில் மீன் வரும். மீன் வரிசையில் நிற்கும் ஆண்கள் எல்லோரும் அந்த அரைமணி நேரத்துக்கு உதைபந்தாட்டப் பயிற்சியாளர்கள். ஜேர்மன் தொடர் பற்றி அண்ணை வாயைத் திறந்தால் நாலு பேர் மறுப்பார்கள். இங்கிலாந்துக்கு மாறினால் ஆறு பேர். ஸ்பெயினுக்குப் போனால் மீன் வெட்டுகிறவரே கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாதாட வருவார். அண்ணை ஒரு வாதத்திலும் வென்றதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பொறுமை இழந்து, "நான் உதுகளைப் பாக்கிறேல்லை. நான் ஜமேக்கா பாக்கிறன்" என்று சொல்லிவிட்டார்.

வரிசை முழுதும் அண்ணையின் பக்கம் திரும்பியது.

"அங்கையும் பந்தடிக்கிறவையோ?" என்று ஒருவர் கேட்டார்.

"அடிக்கிறவையோவோ! முதல்லை போய்ப் பாத்திட்டு வந்து என்னோடை கதையுங்கோ!"

ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக அண்ணை வாதத்தில் வென்று, பெரிய விளைமீன் ஒன்றும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஆனால் மானஸ்தர். சொன்ன சொல் பொய்யாகக் கூடாது என்று அன்றைக்கே இணையத்தில் தேடி அந்த நாட்டு ஆட்டம் ஒன்றைப் பார்த்தார். பார்த்தவர் மாட்டிக்கொண்டார்.

அணிகளின் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. அதனால் அவற்றுக்கு எங்கள் ஊர்ப்பக்கத்து இடங்களின் பெயர்களை வைத்தார். அவர் பக்கம் நின்ற துறைமுகத்து அணிக்கு மயிலிட்டி. தலைநகரத்தின் பழைய பெரிய அணிக்கு நல்லூர். மேற்குக் கரையில் உல்லாசப் பயணிகள் போகிற ஊரின் அணிக்குக் கசூரினா. விளையாட்டு வீரர்களுக்கும் இதே கதி. நெட்டைப் பின்கள வீரர் 'பனை', கட்டையாக இருந்து கடுகதியாக ஓடுபவர் 'மினிபஸ்', மயிலிட்டியின் பந்துக்காப்பாளர் 'சின்னத்தம்பி'. சின்னத்தம்பி ஆறடி மூன்றங்குலம்.

ஜமேக்காவில் ஞாயிறு பின்னேரம் ஆட்டம் தொடங்கும்போது எங்களுக்கு இருட்டிவிடும். அண்ணைக்கு விடிய வேலை. ஆகவே திங்கட்கிழமை வேலை முடிந்து கடைக்கு வந்துதான் ஒளிப்பதிவைப் பார்ப்பார். அதுவரைக்கும் யாராவது முடிவைச் சொல்லிவிடுவார்களோ என்று நடுங்குவார். ஹம்பேர்க்கில்! களஞ்சியசாலையில் இரைச்சலுக்குப் போடுகிற பெரிய மஞ்சள் காதுமூடியோடு எஸ்-பான் தொடருந்தில் ஏறுவார். எதிரில் இருப்பவர் பத்திரிகையை விரித்தால் கண்ணையும் மூடிக்கொள்வார். ஒருமுறை பயணச்சீட்டுப் பரிசோதகர் தோளைத் தட்டியபோது, கண்ணைத் திறக்காமலே, "சொல்லாதேங்கோ! சொல்லாதேங்கோ!" என்று தமிழில் கத்தினாராம். பரிசோதகர் பயந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

இனி என் பங்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா ஆறாம் வகுப்போடு மீன்பிடி வள்ளத்தில் ஏறியவர். அம்மாவின் பள்ளிக்கூடம் அவர் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது போரில் இடம்பெயர்ந்தது, திரும்பக் கூடவில்லை. நான் பள்ளி இறுதிச் சோதனையான அபிட்டூர் எழுதினேன், அதிலும் ஆங்கிலத்தில் முதற்புள்ளி. இந்தச் செய்தியை அம்மா கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லியிருந்தார். ஒரு திங்கட்கிழமை அண்ணை தொலைபேசியோடு வந்தார்.

"பிள்ளை, நீ இங்கிலிஷ் படிச்சனி. இந்த மனிசன் என்ன சொல்லுறான் எண்டு எனக்குத் தமிழிலை சொல்லு."

களஞ்சிய அறையில் அரிசி மூட்டையில் தொலைபேசியைச் சாய்த்து வைத்தோம். ஜமேக்கா அறிவிப்பாளர் வாய் திறந்தார். முதற்புள்ளிக்காரியான எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவர் பேசிய வேகத்துக்கும் எங்கள் ஆங்கில ஆசிரியை பேசிய வேகத்துக்கும் இடையில் அத்திலாந்திக் சமுத்திரமே கிடந்தது. "விளங்கேல்லை" என்று சொல்ல என் மானம் இடம் கொடுக்கவில்லை. அறிவிப்பாளரை விட்டுவிட்டேன், திரையில் நடப்பதைப் பார்த்து நானே சொல்லத் தொடங்கினேன்.

"பனையிட்டைப் பந்து. பனை நிமிந்து பாக்கிறார். இடப்பக்கம் மினிபஸ் வெளிக்கிட்டிட்டுது, தரிப்பிடத்திலை நிக்காது போல..."

அண்ணை கண்ணை மூடினார். தொலைபேசியின் கண்ணாடி வெடித்திருந்ததால் கிட்டத்துப் பார்வை மங்கிய அவருக்குப் பந்தே தெரிவதில்லை என்று பிறகுதான் சொன்னார். அன்றிலிருந்து அவர் ஆட்டம் பார்க்கவில்லை, கேட்டார். எதிர் மூட்டையில் இருந்து, முகத்தை என் பக்கம் திருப்பி, கோயிலில் தேவாரம் கேட்பவர் போல. நான் ஒரு கணம் மூச்சு வாங்கினாலும் பொறுக்கமாட்டார். "பந்து எங்கை? பந்து எங்கை பிள்ளை?" இரண்டு பருவம் இப்படிப் போனது. ஒரு பாராட்டுகூட வரவில்லை. "நேற்றுச் சின்னத்தம்பி பாஞ்சதை நீ வடிவாச் சொல்லேல்லை" என்கிற முறைப்பாடுகள் மட்டும் ஒழுங்காக வந்தன.

பிறகு அந்தத் துயரச் சம்பவம் நடந்தது. பக்கத்துத் தெருவில் முடி அலங்கார நிலையம் வைத்திருக்கும் ஜமேக்காப் பெண்மணி ஒருவர், கிங்ஸ்ரன்காரர், கிழங்கும் மிளகாயும் வாங்க வந்தார். அண்ணை தபாலில் தருவித்த மயிலிட்டிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். கடைக்குள் ஆபத்தில்லை என்று நம்பிக் காதுமூடியையும் கழற்றியிருந்தார். அந்தப் பெண்மணி சட்டையைக் கண்டதும் மகிழ்ந்து, கையைத் தட்டி, ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி, மூன்று விரலைக் காட்டிச் சிரித்தார். இந்த முறை எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"என்ன சொல்லுறா பிள்ளை?"

"ஒண்டுமில்லை அண்ணை. விலை கேக்கிறா."

"விலைக்கு ஏன் என்ரை சட்டையைக் காட்டுறா? மூண்டு விரல் என்னத்துக்கு?"

"மூண்டு கிலோ வேணுமாம்."

"பிள்ளை! என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு!"

"மயிலிட்டி மூண்டு கோல் வாங்கிப் போட்டுது அண்ணை."

அண்ணை வெங்காய மூட்டையில் உட்கார்ந்தார். நான் விளக்கிச் சொன்னதும் அந்தப் பெண்மணி நெஞ்சில் கையை வைத்து மன்னிப்புக் கேட்டார். கொஞ்சம் தெளிந்ததும் அண்ணை நடுவர் எப்படியாம் என்று கேட்கச் சொன்னார். தான் உதைபந்தாட்டம் பார்ப்பதில்லை, ஊரிலிருந்து தன் தம்பி தொலைபேசியில் சொன்னதைத்தான் சொன்னதாகக் கூறினார் பெண்மணி. தோல்வியைவிட இது அண்ணையைக் கூடுதலாகத் தாக்கியது. "சொந்த நாட்டு ஆட்டத்தைப் பாக்காத சனம்!" என்று பொருமிக்கொண்டே களஞ்சிய அறைக்குப் போனவர், கதவில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வா பிள்ளை. தோத்தது தெரிஞ்சாலும் பரவாயில்லை. நீ சொல்லேக்கை சிலவேளை வெல்லுவினம்."

வெல்லவில்லை. ஆனால் மூன்றாவது கோலுக்குச் சின்னத்தம்பி பாய்ந்த பாய்ச்சலை நான் சொன்ன விதத்தில் அண்ணை கைதட்டிவிட்டார். அன்றைக்குத்தான் இதையே தொழிலாக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஜேர்மன் வானொலி நிலையம் ஒன்று விளையாட்டு வர்ணனையாளர் பயிற்சிக்கு ஆட்களைக் கேட்டிருந்தது. மாதிரி ஒலிப்பதிவு ஒன்றும், பொதுமக்கள் முன் ஓர் ஆட்டத்தையாவது வர்ணித்த அனுபவமும் கேட்டார்கள். களஞ்சிய அறையில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பொதுமக்கள் என்று எழுத முடியாது. எனக்குக் கோடைகாலப் போட்டி தேவைப்பட்டது. தலைவரிடம் போய்க் கேட்டேன். என்ன பதில் வந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

போட்டி நாளன்று நான் சுடச்சுடப் பொரித்த இறைச்சி ரோல்ஸ் விற்றுக்கொண்டிருந்தேன். இறுதி ஆட்டத்தில் எங்கள் ஹம்பேர்க் கழகமும் கார்ல்ஸ்ரூஹேயில் படிக்கும் இந்தியத் தமிழ் மாணவர்களும் மோதினார்கள். தலைவர் வழக்கம்போல ஒலிவாங்கியைப் பிடித்தார். அவருடைய வர்ணனையில் தமிழ் கொஞ்சும், பந்துதான் இருக்காது. "நீல வானமும் பசும்புல்லும் கைகோத்து நிற்கும் இந்த நன்னாளிலே" என்று அவர் தொடங்கி நன்னாளை முடிப்பதற்குள் கார்ல்ஸ்ரூஹே ஒரு கோல் போட்டுவிட்டது.

அப்போது அண்ணை ஒரு மடிப்புக் கதிரையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். மைதானத்துக்கு முதுகைக் காட்டி என் முன்னால் உட்கார்ந்தார்.

"பிள்ளை, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. சொல்லு."

"அண்ணை, ஆட்டம் உங்களுக்குப் பின்னாலை நடக்குது. திரும்பிப் பாருங்கோ!"

"பாத்தால் எனக்கு விளங்கிறேல்லை எண்டு உனக்குத் தெரியுந்தானே? சொல்லு. பந்து எங்கை?"

கண்ணை மூடிவிட்டார். வேறு வழியில்லை, எண்ணெய்க் கையோடு தொடங்கினேன். முதலில் அவருக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு பந்து ஓடத் தொடங்கியதும் என் குரலும் தன்பாட்டில் ஓடியது. பழக்கதோஷத்தில் ஹம்பேர்க்கை மயிலிட்டி என்று சொல்லிவிட்டேன். ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் துள்ளி எழும்பி, "எங்கடை ஊரும் விளையாடுதோ?" என்று கேட்டு, கதிரை கொண்டுவந்து அண்ணைக்குப் பக்கத்தில் போட்டார். கார்ல்ஸ்ரூஹேயின் மாற்று வீரர் ஒருவர் தொலைபேசியை நீட்டிக்கொண்டு வந்தார்.

"சிஸ்டர், கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, ப்ளீஸ். அம்மா மதுரைல வீடியோ கால்ல இருக்காங்க. ஸ்பீக்கர்ல பேசறவர் கவிதை சொல்றாராம், மேட்ச் புரியலையாம்."

மதுரைக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். இடைவேளைக்கு முன்பே எங்கள் மேசையைச் சுற்றி இரண்டு வரிசைக்குச் சனம் நின்றது. ஒலிபெருக்கியின் கீழே தலைவரின் வீட்டுக்காரி மட்டும் மிஞ்சினார். சிறிது நேரத்தில் அவரும் கதிரையைத் தூக்கினார். "பொதுமக்கள் அனைவரும் ஒலிபெருக்கியின் பக்கம் வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று அறிவித்தார் தலைவர். ஒருவரும் அசையவில்லை.

இடைவேளையில் தலைவர் நடந்து வந்தார். ஒரு ரோல்ஸ் எடுத்துக் கடித்தார். மென்று முடித்த பிறகு ஒலிவாங்கியை மேசையில் வைத்தார்.

"இதைப் பிடி பிள்ளை. இப்பிடிக் கத்தினால் தொண்டை கட்டிப் போடும்."

இரண்டாம் பாதி முழுவதும் என் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. ஹம்பேர்க் கடைசி நேரத் தண்ட உதையில் தோற்றது. ஆனாலும் எங்கள் ஆட்களே எழும்பி நின்று கைதட்டினார்கள். அண்ணை மட்டும் கதிரையை மடித்துக்கொண்டு சோர்ந்து நின்றார்.

"என்ன அண்ணை, சரியாச் சொல்லேல்லையோ?"

"சரியாத்தான் சொன்னனி. ஆனால் குரல் அந்தக் கம்பத்திலையிருந்து வருது. இனி எல்லாருக்கும் எல்லோ சொல்லுவாய்."

அடுத்த திங்களே களஞ்சிய அறையில், அண்ணை வழக்கம்போல எதிர் மூட்டையில் இருக்க, மயிலிட்டியின் முழு ஆட்டத்தையும் வானொலிக்காக ஜேர்மன் மொழியில் வர்ணித்துப் பதிவு செய்தேன். வீட்டில் திரும்பக் கேட்டபோது எல்லாம் தெளிவாக இருந்தது. ஒரு குறைதான்: கோல் விழுகிற இடத்தில் என் குரலுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல், மெதுவாக, "அப்பிடிப் போடு, என்ரை பிள்ளை" என்கிறது. அது கோல் அடித்தவருக்குச் சொன்னதல்ல. அந்த இடத்தை வெட்ட எனக்குத் தெரியும். வெட்டாமல் வானொலி நிலையத்துக்கு அனுப்பிவிட்டேன்.