நடுப்புருவம் தொடர்பான சுற்றறிக்கை

தஜிகிஸ்தானில் சார்சோய் வட்டப் பதிவு அலுவலகத்துக்கு மூன்று கவுண்டர்கள். முதலாவதில் கல்யாணம், இரண்டாவதில் பிறப்பு, மூன்றாவதில் இறப்பு. மூன்றாவதில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருந்தவள் ஜுமாகுல். யாரும் ஆசைப்பட்டு வரும் கவுண்டர் இல்லை அது. ஆனாலும் வந்தவர்கள் அழுகைக்கு நடுவே அவள் புருவத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

புருவங்கள் என்று பன்மையில் சொல்லக்கூடாது. இடது நெற்றிப்பொட்டில் புறப்பட்டு வலது நெற்றிப்பொட்டில் போய் நிற்கும் ஒரே புருவம். பிறந்த நாளிலிருந்து உஸ்மா இலையைக் கசக்கி, பச்சைச் சாறெடுத்து, தடவித் தடவி வளர்த்தது. அதைப் பார்த்துத்தான் பெண் கேட்டு வந்தார்கள். கட்டிய புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். புருவம் மட்டும் விசுவாசமாக இருந்தது. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள், வருமானம் இந்தக் கவுண்டர் ஒன்றுதான்.

இந்த நிலையில் ஒரு துணை அமைச்சர் வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் போய் வந்தார். அங்கே விமான நிலையத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தலா இரண்டு புருவங்கள் இருந்ததைக் கண்டு அவர் மனம் நொந்தது. அதன் விளைவாகப் பிறந்தது சுற்றறிக்கை எண் 114. “மக்களைச் சந்திக்கும் பணியாளர்களின் நடுப்புருவம் லேசர் மூலம் நிரந்தரமாக நீக்கப்பட வேண்டும். சவரம், நூல், மெழுகு ஆகியவை தற்காலிகத் தீர்வுகள் என்பதால் ஏற்கப்படமாட்டா.”

ஜுமாகுல் அலுவலகத் தலைவர் நுஸ்ரத்திடம் போய் நின்றாள். தலைவரை அங்கே எல்லோரும் ரயிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்; அவரும் எல்லோர் பெயரோடும் செல்லமாக ஒரு ‘ஜான்’ சேர்ப்பார்.

“ரயிஸ், எங்கிட்ட வர்றவங்க சொந்தக்காரனைப் புதைச்சுட்டு வர்றாங்க. என் புருவம் ஒண்ணா ரெண்டான்னு அவங்க எண்ணிக்கிட்டா இருக்காங்க?”

“அவங்க எண்ணலைன்னா என்ன, அரசாங்கம் எண்ணுதே, ஜுமாகுல் ஜான். உனக்குக் கவுண்டர் வேணுமா, நடுப்புருவம் வேணுமா?”

பழைய ரொட்டிக் கடையில் புதிதாகத் திறந்திருந்த லேசர் நிலையத்துக்குப் போனாள். மருத்துவர் அனோஹிதா சின்ன வயசு, பொய் சொல்லப் பழகாதவள்.

“உங்களுக்கு வெள்ளைத் தோல், கன்னங்கரேல்னு முடி. லேசருக்கு அல்வா சாப்பிடற மாதிரிக்கா. நரை முடியா இருந்தா லேசர் ஒண்ணும் பண்ணாம சும்மா போயிடும்.”

“நல்லது என்ன, கெட்டது என்ன, அதைச் சொல்லும்மா.”

“நல்லது, அநேகமா திரும்ப வளராது. தினம் பிடுங்க வேண்டாம், வேர் புடைச்சுச் சீழ் கட்டாது.”

“கெட்டது?”

“தோல் சிவக்கும். வெயில்ல அலைஞ்சா கொப்புளம், கருந்திட்டு எல்லாம் வரும். கண்ணுக்கு மூடி போடாம சுட்டா கண்ணே போயிடும். அப்புறம், அநேகமா திரும்ப வளராது.”

“அதை நல்லதுல சொன்னியேம்மா?”

“ரெண்டுலயும் உண்டுக்கா.”

ஆறு தடவை சுட வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் பிறகு இரண்டு வாரம் வெயில் ஆகாது என்றாள். ஜுமாகுல் விடுப்புக்கு எழுதிப் போட்டாள். வெயில் ஒரு நோய் அல்ல என்று பதில் வந்தது. ஆனால் நிர்வாகம் கருணையற்றது அல்ல. அவளுக்கு அரசாங்கக் குடை ஒன்று ஒதுக்கப்பட்டது. காலையில் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், மாலையில் கிளம்புமுன் ஒப்படைக்க வேண்டும். ஆகவே அதைக் கூரைக்குக் கீழே மட்டுமே பிடிக்க முடிந்தது. நெற்றியில் நாலணா அகலத்துக்குக் கருந்திட்டு விழுந்தது.

ஆறாவது தடவை முடிந்த அன்று கண்ணாடியில் பார்த்தாள். யாரோ ஒருத்தி பார்த்தாள். ஜுமாகுல் வாய்விட்டு அழுதாள்.

நவ்ரூஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது துணை அமைச்சர் மாறினார். புதியவருக்குப் பாரம்பரியம் என்றால் உயிர். சுற்றறிக்கை எண் 9 வந்தது. சேர்ந்த புருவம் தேசத்தின் முகவரி. அது இல்லாதவர்கள் கவுண்டரில் அமரத் தகுதியற்றவர்கள். வரைந்து ஏமாற்றுவோரைக் கண்டுபிடிக்க ஈரப்பஞ்சுடன் மூவர் குழு வரும்.

“எங்கே புருவம்?” என்றார் ரயிஸ்.

“நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?”

“கீழ்ப்படியத்தான் சொன்னேன். திரும்ப வரவே முடியாத மாதிரியா கீழ்ப்படியச் சொன்னேன்? ஷரோபத்தைப் பாரு, கத்துக்க.”

கல்யாணக் கவுண்டர் ஷரோபத் லேசர் பக்கமே போகவில்லை. அத்தனை மாதமும் நடுப்புருவத்தின் மேல் பவுடரை அப்பிக்கொண்டு வந்தாள். இப்போது முகம் கழுவினாள். இரண்டு சுற்றறிக்கைகளின் கீழும் முன்மாதிரிப் பணியாளர் விருது அவளுக்கே கிடைத்தது.

ஜுமாகுல் தன் கவுண்டரில் வந்து உட்கார்ந்தாள். திரும்பி வராதது எதுவானாலும் இந்தக் கவுண்டருக்குத்தான் வர வேண்டும் என்பது பதினாறு வருட அனுபவம். ஒரு படிவத்தை எடுத்தாள். இறந்தவர் பெயர்: நடுப்புருவம். வயது: முப்பத்தெட்டு. காரணம்: சுற்றறிக்கை எண் 114. மற்றக் காகிதங்களோடு சேர்த்து உள்ளே அனுப்பினாள். ரயிஸ் வழக்கம்போல் எதையும் படிக்காமல் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு வட்ட முத்திரை குத்தினார்.

குழு வந்த அன்று அவள் துக்க நீல உடையும் வெள்ளைத் தலைத்துணியுமாக உட்கார்ந்திருந்தாள். துக்கம் காக்கிற பெண் ஒரு வருடம் உஸ்மா தொடமாட்டாள், அவள் முகத்தைச் சோதிக்க எந்த வீட்டிலும் எவனும் துணியமாட்டான்.

“யாரும்மா போயிட்டாங்க?” என்றார் குழுவின் மூத்தவர். அவள் சான்றிதழை நீட்டினாள். முத்திரையைத் தடவிப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். பெயரைப் படித்துத் திகைத்தாலும் முத்திரையை மீறி என்ன செய்ய முடியும்?

“ஆண்டவன் பொறுமை தரட்டும்” என்று மூவரும் உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டு, ஈரப்பஞ்சைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். கவுண்டர் பிழைத்தது.

மறுநாள் காலை மூன்றாம் கவுண்டர் முன்னால் வரிசை தெரு வரை நின்றது. தபால் அலுவலகம், பள்ளிக்கூடம், வங்கி என்று லேசரால் சுடப்பட்ட பெண்கள் அத்தனை பேரும் நீல உடையில் வந்திருந்தார்கள்.

அதே வாரம் சுற்றறிக்கை எண் 9-இன் இரண்டாம் பக்கம் தனியாக வந்து சேர்ந்தது. ஆண் பணியாளர்களுக்குக் கட்டாய மீசை. போன வருடம் பழைய துணை அமைச்சரை மகிழ்விக்க எல்லோருக்கும் முந்திக்கொண்டு மேலுதட்டை லேசரில் வழித்துக்கொண்ட ரயிஸ் கவுண்டருக்கு வந்தார்.

“ஜுமாகுல் ஜான், மீசை தவறிப்போச்சு. ஒரு சான்றிதழ்...”

“வரிசையில வாங்க ரயிஸ்.”

இரண்டு மணிநேரம் நின்று வந்தார். அவள் அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

“இதுல இருக்கிறவருக்கு மீசை இருக்கே.”

“அதுதானே செத்துப்போச்சு!”

“செத்ததுக்குச் சான்றிதழ் இருந்தா, இவர் நீங்கதான்னு ஒத்துக்கலாம். இவர் நீங்கதான்னு தெரிஞ்சா சான்றிதழ் தரலாம்.”

“பதினாறு வருஷமா என்னைத் தெரியாதா உனக்கு?”

“எனக்குத் தெரியும் ரயிஸ். கவுண்டருக்குத் தெரியாதே.”

அவர் ஆதரவு தேடி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

“சட்டம்னா சட்டம்தான்!” என்று கத்தினாள் தபால்காரி. “அந்தம்மா சரியாத்தான் சொல்றாங்க!” என்றாள் வாத்தியாரம்மா. வரிசை மொத்தமும் கைதட்டியது.

ஜுமாகுலுக்கு நெஞ்சு குளிர்ந்தது. தேநீர் வேளை என்று பலகையை மாட்டிக் கவுண்டர் கதவைச் சாத்திக்கொண்டு எழுந்து போனாள். வெளியே பெண்கள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.