நெத்தலியும் வேட்டாவும்

எனக்குப் பூச்சியென்றால் பயம். கரப்பான் பறந்தால் கட்டிலில் ஏறி நிற்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் தொண்ணூறுகளில், ஓக்லாந்தில், ஓர் அமெரிக்கப் பூச்சியியல் பேராசிரியரிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். (வேறு யாரும் வேலை தரவில்லை.) ஆறு மாதத் தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்குவது அவர் கையில்.

கான்சாஸ் கோதுமைப் பண்ணையில் தகப்பன் மருந்தடித்து வெட்டுக்கிளிகளைக் கொல்ல, மகனான இவர் அவற்றைச் சப்பாத்துப் பெட்டியில் ஒளித்து வளர்த்தாராம். அந்தப் பாசம் நாடுநாடாகச் சுற்றி, முப்பது வருடம் கழித்து இந்தத் தீவுநாட்டு வேட்டாவில் வந்து நின்றது. வேட்டா என்பது முள்ளுக்காலும் நீள மீசையுமாக, உள்ளங்கை அளவில் ஒரு பூச்சி. குளிரவைத்தால் கொஞ்ச நேரம் அசையாது என்பதால், ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு ஆய்வுகூட ஃபிரிட்ஜில் வைப்பார்.

அதே ஃபிரிட்ஜில் நானும் ஓர் ஐஸ்கிறீம் டப்பா வைத்தேன். உள்ளே என் மனைவி பொரித்த நெத்தலிக் கருவாடு. தேநீர் அறையில் வைத்தால் எல்லோரும் மூக்கைப் பிடித்தார்கள். பூச்சிகள் முறைப்பாடு செய்யாது என்று நினைத்தேன்.

அவருடைய பெரிய விரிவுரை நாளன்று டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என் வாழ்க்கையைத் தின்ற உயிர் இதுதான்!" என்று சபைக்கு அறிவித்து மூடியைத் திறந்தார். செத்தல் மிளகாய் வாசத்தில் முன்வரிசை முழுவதும் தும்மியது.

வேலை போச்சு என்று புலம்பிக்கொண்டே சரியான டப்பாவை எடுத்துவர ஆய்வுகூடத்துக்கு ஓடினேன். முதல் தடவை அவசரத்தில் ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தாமல் வந்திருக்கிறேன்! குளிர் விட்டு உசாரான வேட்டா, மேடையில் நான் மூடியைத் திறந்ததும் பாய்ந்து என் டையில் ஏறிக்கொண்டது.

"அசையாதே! அது பயந்துவிடும்," என்றார் பேராசிரியர். (என் பயத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.) பிறகு என் நெஞ்சைக் குச்சியால் காட்டிக் காட்டி இருபது நிமிடம் விரிவுரை நடத்தினார். அப்படியொரு கைதட்டலை நான் கேட்டதில்லை. நெத்தலியை அவரே தின்று முடித்தார். வேலையும் நிரந்தரமானது. சந்தோசத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு யார் வந்தாலும் மனைவி இன்றைக்கும் இதைச் சொல்லுவாள்.

"தாலி கட்டேக்கையே நெளிஞ்சுகொண்டிருந்த மனுசன். இருவது நிமிசம் ஆடாமல் அசையாமல் நிண்டது ஒரு பூச்சிக்காகத்தான்!"