முழு உபவாசம்

ஆடிட்டுக்கு இன்னும் பத்தே நாள். அதற்குள் ஜம்புநாதனின் வயிறு அடங்கியாக வேண்டும்.

சிஞ்ச்வட்டில் பிஸ்டன் செய்யும் தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். பிஸ்டனில் மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். சொந்த வயிற்றில் எங்கே கோளாறு என்பதுதான் பிடிபடவில்லை. போன வருஷம் ஜெர்மன்காரர்கள் ஆடிட்டுக்கு வந்தபோது நான்கு மணி நேரத்தில் ஐந்து முறை காணாமல் போனார். மேனேஜர் பதவியும் கூடவே காணாமல் போயிற்று.

"இந்தத் தடவையும் ஓடினீங்கன்னா ப்ரமோஷன் ஆர்டரை பாத்ரூம் கதவுலதான் ஒட்டுவாங்க," என்றாள் மனைவி நீலா.

அலோபதி, ஆயுர்வேதம், யோகா மூன்றும் ஒரே கூரையின் கீழ் என்று போர்டு மாட்டிய கிளினிக்குக்குப் போனார். மூன்று டாக்டர்களும் வயிற்றை அமுக்கி, நாக்கை நீட்டச் சொல்லி, மூச்சைக் கவனித்து, கடைசியில் ஒரே குரலில் சொன்னார்கள். "மருந்து அப்புறம். முதல்ல ஒரு நாள் உபவாஸ்."

பிறந்ததிலிருந்து ஒரு வேளைகூடத் தவறவிடாத ஜம்புநாதனுக்குப் பகீரென்றது. வாரம் இரண்டு உபவாசம் இருக்கும் எதிர் ஃப்ளாட் மராத்திப் பெண்மணி தேஷ்பாண்டே தாயியிடம் யோசனை கேட்டார்.

"அரிசி, கோதுமை தொடக்கூடாது. அவ்வளவுதான்!" என்று தாயி ஒரு தட்டை நீட்டினாள்.

நெய் சொட்டும் ஜவ்வரிசிக் கிச்சடி, ஜவ்வரிசி வடை, வேர்க்கடலை லட்டு. ஜம்புநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டினி என்று பயந்து இத்தனை வருஷத்தை வீணாக்கிவிட்டோமே!

மறுநாள் வயிறு லேத் மெஷின் மாதிரி ஓடியது.

"உபவாஸ் இருந்தீங்களா?" என்றார் அலோபதி.

"ஒரு குறையும் வைக்கலை டாக்டர்."

"அப்போ ரெண்டு நாள் இருங்க."

இருந்தார். இந்த முறை வடையைக் கேட்டு வாங்கியே இருந்தார். திரும்பி வந்தபோது பேண்ட் பொத்தான் மாட்டவில்லை.

"இப்படி ஒரு கேஸ் பார்த்ததே இல்லை," என்று ஆயுர்வேதம் தாடையைச் சொறிந்தார். "உபவாசத்துல என்ன குடிச்சீங்க?"

"குடிக்கவா? கிச்சடி விக்கினா கொஞ்சம் மோர்."

மூவரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். "உபவாஸ்னா வெறும் வெந்நீர் சார்! கிச்சடியைத் தின்னுட்டு உபவாஸ்னு சொல்றாரே, படிச்ச மனுஷன்!"

ஜம்புநாதனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உபவாசத்தைக்கூட வயிறு முட்ட இருந்த முட்டாள் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று நொந்துகொண்டார். வியாழக்கிழமை, ஊரே உபவாசம் இருக்கும் ஆஷாட ஏகாதசி. தாயியின் தட்டைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு, வெந்நீரே கதியென்று கிடந்தார்.

வெள்ளிக்கிழமை ஜெர்மன்காரர்கள் பக்கத்தில் நான்கு மணி நேரமும் அசையாமல் நின்றார். வயிறு மூச்சுக் காட்டவில்லை. "இனிமே நீங்கதான் மேனேஜர்," என்று முதலாளி கை குலுக்கினார்.

சாயங்காலமே பேடா டப்பாவோடு நன்றி சொல்ல கிளினிக்குக்கு ஓடினார். மூன்று அறையும் பூட்டிக் கிடந்தன. வரவேற்பில் கோர்படி ஏரியாவைச் சேர்ந்த தமிழ்ப் பெண் ஷீலா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு யாரும் வரமாட்டாங்க சார். நேத்து ஏகாதசி உபவாசம்ல, மூணு பேருக்குமே கிச்சடி ஒத்துக்கலை."