எறும்புச் சாமியின் சர்க்கரை வைத்தியம்

அந்த ஆண்டு திருத்தணிக்கு வந்த கூட்டத்தில் பாதி மலையேறவே இல்லை. அடிவாரத்தில் எறும்புச் சாமியின் கொட்டகைக்குள் புகுந்துகொண்டது. அரக்கோணத்திலிருந்து ரயிலில், பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்த எல்லார் கையிலும் ஒரு புட்டி. தீர்த்தம் என்று நினைத்துவிடாதீர்கள். அவரவர் சிறுநீர்!

சாமி அதைத் தட்டில் ஊற்றுவார். எறும்பு மொய்க்கும். "சர்க்கரை வியாதி!" என்று உறுமிக் கஷாயம் கொடுப்பார். மறுமுறை வந்தால், தட்டைச் சுற்றி விபூதியால் வட்டம் போட்டுவிட்டு ஊற்றுவார். ஓர் எறும்பும் நெருங்காது. குணமாகிவிட்டதாம்! கூட்டம் அரோகரா போடும். ஆஸ்பத்திரி மாத்திரையை மட்டும் அடியோடு நிறுத்திவிட வேண்டும். மாத்திரையைக் கண்டால் மந்திரம் கோபித்துக்கொள்ளுமாம்.

நெசவாளி கஜபதியும் நிறுத்தினார். அவர் கால் விரலில் இருந்த புண் கறுத்தது. சர்க்கரை நோயாளிகளை வீடு வீடாகப் பார்த்து ஆராய்ச்சி செய்த ஆஸ்பத்திரிக் குழுவின் நர்ஸ் பார்வதம், அவர் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினாள். செங்கல் நிறமானது.

"சர்க்கரை கொஞ்சம்கூடக் குறையலிங்க. இப்படியே விட்டா காலையே எடுக்கணும்."

"எறும்பே கிட்ட வரலியேம்மா!" என்றார் கஜபதி.

அவர் மனைவி ஜம்பகத்துக்கு அன்று தறியில் கை ஓடவில்லை. நர்ஸ் காய்ச்சியதைக் கண்ணால் பார்த்தாள். எறும்பு வராததையும் கண்ணால் பார்த்தாள். இரண்டும் எப்படி உண்மையாகும்?

கணவனை இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். சாமி வட்டம் போட்டு முடித்ததும், மடியிலிருந்த வெல்லக்கட்டியை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"இன்னாம்மா பண்ணிக்கினு கீற?" சாமிக்கு வேர்த்தது.

"சும்மா, வெச்சுப் பாக்கறேன் சாமி."

கூட்டம் குனிந்து பார்த்தது. சாரையாக வந்த எறும்புகள் வட்டத்தைத் தொட்டதும் அலறியடித்துத் திரும்பின.

"ஏன் சாமி, வெல்லத்துக்கும் சர்க்கரை வியாதி கொணமாயிடுச்சா?"

யாரோ சிரித்தார்கள். கஜபதி விபூதியைக் கிள்ளி முகர்ந்தார். "அய்யய்யோ! மளிகைக் கடையில மூட்டைக்கு அடியில தூவற எறும்புப் பொடி இது!"

"ஆங், அதாம் பாவா. உன் கால் போயிருக்குமே!" ஜம்பகம் கணவன் கையிலிருந்த பொடியைத் தட்டிவிட்டாள்.

தவத்துக்கு நேரமாகிவிட்டதென்று சாமி கொட்டகையின் பின்பக்கமாக நழுவினார். திருப்பதி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் உண்டு.

கஜபதி மறுபடி மாத்திரைக்குத் திரும்பினார். சுண்டுவிரல் போயிற்று, கால் தப்பியது.

இப்போது கனகம்மாசத்திரத்தில் ஒருவர் தேளை வைத்துச் செவிடு தீர்க்கிறாராம். தாராளமாகப் போய்வாருங்கள். வாசலில் செருப்பை மட்டும் கழற்றிவிடுங்கள். மூளை உள்ளேயும் கூட வரட்டும்.