சுரப்பி சாரும் எருமையின் நாக்கும்

மதுரை ஜில்லாவில் அன்பு என்ற ஒன்றையே நம்பாத ஒரே மனிதர் எங்கள் சுரப்பி சார்தான். எண்பதுகளில் விளாங்குடியில் என் எதிர்வீட்டுக்காரர், கல்லூரியில் விலங்கியல் வாத்தியார், கட்டைப் பிரம்மச்சாரி. யாராவது சிரித்தபடி தோளில் கை போட்டால் உதறிவிட்டு, "எல்லாம் ஆக்ஸிடோசின்யா" என்பார். மூளைக்கு அடியில் சுரப்பதாம். தாயைக் குட்டியோடு ஒட்டவைப்பது அதுதானாம். அந்நியனைக் கண்டால் முட்டச் சொல்வதும் அதுவாக இருக்கலாம் என்பது அவருடைய சந்தேகம்.

என் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோது, இரண்டு பேருக்கும் சுரக்கிறதா என்று விசாரித்தார். ஜாதகம்தான் பார்த்தோம் என்றேன். இரக்கத்தோடு பார்த்தார்.

பால்காரர் மாயாண்டி எருமையை வாசலுக்கே ஓட்டிவந்து கண்முன்னால் கறப்பார். தண்ணீர் கலக்கவில்லை என்று நாங்கள் நம்ப வேண்டுமே. சார் அப்போதும் நம்பவில்லை. எருமையின் கன்று செத்துப்போயிருந்தது. அதன் தோலில் வைக்கோல் திணித்த பொம்மையை மாயாண்டி சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். அதை நக்கினால்தான் எருமை பாலை இறக்கும். பொம்மையின் வயிற்றுக்குள் தண்ணீர்ப் பை இருப்பதாக சாருக்குச் சந்தேகம். தினமும் அதை அமுக்கிப் பார்த்து, கறந்து முடியும்வரை எருமை நக்க வாகாக நெஞ்சோடு அணைத்தபடி காவல் இருப்பார்.

ஒருநாள் பொம்மையைத் தெருநாய்கள் பிய்த்துப் போட்டுவிட்டன. எருமை பாலை அடக்கிக்கொண்டது. மறுநாளும் அதே கதை. மாயாண்டி ஊசியை எடுத்தார். அதற்குள்ளும் ஆக்ஸிடோசின்தான். சார் குறுக்கே பாய்ந்தார்.

"அது மடிக்குத்தான்யா போகும். மூளைக்குப் போகாது. பாசம் வராது."

"பாசத்த வச்சு நான் என்ன சார் செய்ய? பால் வரலேன்னா நாளைக்கு இவ அடிமாட்டு லாரியில போவா. எனக்கு மட்டும் ஆசையா?"

பதில் சொல்ல சார் வாயைத் திறந்தார். எருமை நாக்கை நீட்டி அவர் கழுத்திலிருந்து காதுவரை ஓர் இழுப்பு இழுத்தது. கட்டிப்பிடித்துக் கட்டிப்பிடித்து, கன்றின் வாடை அவர் சட்டையில் ஏறியிருந்தது.

மாயாண்டி காம்பைத் தொட்டுப் பார்த்தார். "அசையாம நில்லுங்க சார். சுரக்குது."

அன்றிலிருந்து காலை வேளைகளில் சார் வாசலில் கழுத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார். கிட்டே போன என்னை எருமை முட்டியது. அவருடைய அந்நியன் சந்தேகத்துக்கு என் இடுப்பு இன்னும் சாட்சி.

எருமைக்குப் பிடித்தது தன்னை அல்ல, சட்டையைத்தான் என்ற சந்தேகமும் அவருக்கு வந்தது. ஒருநாள் சலவைச் சட்டையில் வந்து நின்றார். கழுத்தை நீட்டினார். எருமை முகர்ந்தது. யோசித்தது. நக்கியது.

மாயாண்டி போனபிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார்: "எனக்கும் சுரக்குதோன்னு சந்தேகமா இருக்குய்யா."

தோளில் கை போட்டேன். உதறவில்லை. கையெல்லாம் எருமை எச்சில். வெகுநேரம் துடைக்கத் தோன்றவில்லை.