பாண்டுப்புக்கு ரயிலேறிய ராஜா

“மாமா, இது என்ன எழுத்து?”

சந்தியாகு புத்தகத்தை நீட்டினான். தளவாய் குனிந்து பார்த்தார். முறுக்குப் பிழிந்ததுபோல் ஏதோ ஒன்று சுருண்டு கிடந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு முறுக்கு.

தாராவியில் தமிழர்கள் குடியிருந்த ஒரு சந்தின் தமிழ்ப் படிப்பகத்துக்கு அவர்தான் ஆறு வருஷமாகச் செயலாளர். தமிழ் அழிகிறது என்று மேடையில் ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவார். பேச மட்டும்தான் தெரியும். பிறந்தது தாராவி, படித்தது மராத்திப் பள்ளிக்கூடம், வேலை வடாலா பட்டறையில் டைம்கீப்பர். தமிழில் ஓர் எழுத்துகூட வாசிக்க வராது. இந்த ரகசியம் அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். ஆண்டவன் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

கூட்டக் குறிப்புகளை இங்கிலீஷில் எழுதுவார். “நாளைக்கு கவர்ன்மெண்டு கேட்டா காட்டணும்லா” என்று ஒருமுறை சொன்னதில் மரியாதை கூடிவிட்டது. ஊர்க் கடிதம் வந்தால் மனைவி பேராச்சியிடம் கொடுத்து, “நீ வாசிச்சுக் கேட்டாத்தான் எனக்கு இனிக்கும்” என்பார். பதினாலு வருஷமாக அவளும் வெட்கப்பட்டுக்கொண்டே வாசிக்கிறாள்.

இப்படி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, 1963 மே மாத லீவு வரும்வரை.

பிள்ளைகள் சந்தில் கோலி ஆடி, இந்தியில் சண்டை போட்டு, இந்தியிலேயே சமாதானமும் ஆயின. படிப்பகத் தலைவர் பிரம்மநாயகத்துக்கு அது பொறுக்கவில்லை. கிங்ஸ் சர்க்கிள் கரீம் பாட்சா கடையிலிருந்து ஐம்பது புத்தகங்களை வரவழைத்துக் காலியாகக் கிடந்த அலமாரியில் அடுக்கினார்.

“தளவாய், லீவு முடியிற வரைக்கும் ஒவ்வொரு பிள்ளையும் உம்ம முன்னால உக்காந்து வாசிக்கணும். நோட்டுல நீரு கையெழுத்துப் போடணும். இதுக்கு உம்மை விட்டா ஆளு யாருவே?”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் காரணம் கேட்பார்கள். காரணம் தெரிந்தால் பதவி போகும், மேடை போகும், பேராச்சியின் பதினாலு வருஷத்து வெட்கமும் போகும். தளவாய் நெஞ்சை நிமிர்த்தி, “தமிழுக்காகச் செய்யுதேன்” என்றார்.

இப்போது சந்தியாகு முறுக்கைத் தொட்டுக்கொண்டு நிற்கிறான்.

“சொல்லமாட்டேன்ல” என்றார் தளவாய். “நான் சொல்லிட்டா உன் மூளை சோம்பேறியாயிரும். நீயே கண்டுபிடி.”

தப்பித்தோம் என்றுதான் நினைத்தார். மறுநாள் சந்து முழுக்க அதே பேச்சு.

“தளவாய் புது முறையில சொல்லிக்கொடுக்காராம். எழுத்தையே சொல்ல மாட்டாராம்!”

“அதெல்லாம் ரொம்பப் படிச்சவங்க முறை. நமக்குப் புரியாது.”

பதினொரு பிள்ளைகள் இருபத்தேழானார்கள். இரண்டு பேர் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள்.

இருபத்தேழு பேரும் எழுத்துக் கேட்டார்கள். ஒருவருக்கும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஆறுமுகத்தாய் எழுந்தாள். பத்து வயது, பார்வை மட்டும் வக்கீல் பார்வை.

“மாமா, நான் புஸ்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோயி எங்கம்மாகிட்ட கேட்டுட்டு வாரேன்.”

தளவாய் வேகமாகக் கணக்குப் போட்டார். ஊரிலிருந்து வந்த அம்மாக்களுக்கு வாசிக்கத் தெரியும். அவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தால்?

“படிப்பகத்துப் புத்தகம் வாசப்படி தாண்டக் கூடாது!” என்று முழங்கினார். “இது சட்டம்.”

பெண்கள் படிப்பகத்துக்குள் வரும் வழக்கம் இல்லை. புத்தகமும் இனி வெளியே போகாது. தம் அறிவை எண்ணித் தாமே வியந்துகொண்டார்.

ஆறுமுகத்தாய் உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறந்தாள். திடீரென்று மளமளவென வாசிக்கத் தொடங்கினாள்.

“ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாரு. அவரு கத்திரிக்கா வாங்க லோக்கல் ரயில்ல ஏறி பாண்டுப்புக்குப் போனாரு. தேர்டு கிளாஸு. குர்லால கூட்டத்துல எவனோ கிரீடத்தை அடிச்சிட்டான்.”

தளவாய்க்குச் சந்தேகம் வந்தது. ஆனால் எந்த முகத்தோடு கேட்பது? ‘அப்படி எழுதியிருக்கா?’ என்றால், ‘நீங்களே பாருங்க’ என்று புத்தகத்தைத் திருப்பிவிடுவாளே.

“இந்தக் காலத்து எழுத்தாளருங்க எதை வேணா எழுதுதாங்க” என்றார். “ஆனா உச்சரிப்பு சுத்தம். சபாஷ்!” கையெழுத்துப் போட்டார்.

இருபத்தாறு ஜோடிக் கண்கள் இதைப் பார்த்தன.

அடுத்த நாளிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிப்பு தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. சந்தியாகுவின் புத்தகத்தில் பேய் ஒன்று ரேஷன் கியூவில் நின்றது. இன்னொருத்தியின் புத்தகத்தில் யானை வாடகை வீடு தேடியது. கோலி ஆட ஆளில்லை. இரண்டாவது வாரமே நோட்டுகளில் முந்நூறு கையெழுத்து ஏறிவிட்டது.

பிரம்மநாயகம் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துக் கண்கலங்கினார்.

“விழா எடுக்கணும்வே! மாதுங்காவுல இருந்து ‘செந்தமிழ்ச் சிகரம்’ அய்யாத்துரை வாராரு. அவரு எடுத்துக் கொடுக்கிற புஸ்தகத்தைப் பிள்ளைங்க மேடையில வாசிக்கணும்!”

தளவாய் அன்று சாப்பிடவில்லை. விழாவுக்கு ஆறு நாள் இருந்தது. பேராச்சியிடம் போனார்.

“பிள்ளைகளுக்கு எளிய முறை ஒண்ணு ஆராய்ச்சி பண்ணுதேன். நீ டீச்சரு. நான் ஒண்ணுமே தெரியாத பயன்னு வச்சுக்கிடுவோம்.”

“வச்சுக்கிடுவோம்” என்றாள் பேராச்சி. முதல் எழுத்தைச் சிலேட்டில் போட்டு அவர் திணறுவதைப் பார்த்தாள். “எப்படிங்க இம்புட்டுத் தத்ரூபமா நடிக்கிய?”

ஐந்தே நாளில் உயிரெழுத்து பன்னிரண்டும் மனப்பாடம். ஆறாம் நாள் படிப்பகக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு புத்தகத்தைத் திறந்தார். ‘அ’வைத் தேடினார். இல்லை. ‘ஆ’வும் இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டியும் தெரிந்த முகம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. காலையில் சிலேட்டில் சிரித்த எழுத்து மத்தியானம் மறந்துபோகிறது என்றால் இந்த நாற்பத்தொரு வயசு மண்டைக்குள் இருப்பது மூளைதானா என்று தலையில் இரண்டு குட்டு குட்டிக்கொண்டார்.

விழாவுக்குப் படிப்பக வாசலில் சந்தே திரண்டது. புத்தகச் சட்டத்தை அன்றைக்கு மட்டும் தளர்த்தி, அலமாரியை மேடைக்குத் தூக்கி வந்திருந்தார்கள். பின்வரிசையில் பெண்கள், நடுவில் பேராச்சி. அய்யாத்துரை பொன்னாடையோடு அலமாரி முன் கால்மணி நேரம் நின்று, தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்து, ஒரு புத்தகத்தை உருவினார்.

“ஆழமான நூல். இளமையில் இதைக் கரைத்துக் குடித்தவன் அடியேன். முதலில் செயலாளரே ஒரு பக்கம் வாசித்து வழிகாட்டட்டும்!”

கைதட்டல். தளவாயின் கைக்குப் புத்தகம் வந்தது. முறுக்குகள் நெளிந்தன. முன்வரிசையிலிருந்து ஆறுமுகத்தாய் கிசுகிசுத்தாள்.

“அரே மாமா, ராஜா! ராஜா!”

தளவாய் தொண்டையைச் செருமினார்.

“ஒரு ஊரில் ஒரு ராஜா. அவர் பாண்டுப்புக்கு ரயில் ஏறினார். ஸ்டேஷன் போர்டை வாசிக்க அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவனைக் கேட்டிருக்கலாம். ராஜாவுக்கே வாசிக்கத் தெரியாதா என்று அவன் சிரித்தால்? அதனால் வாயைத் திறக்காமல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். பாண்டுப் வந்தது, போனது. கல்யாண் வந்தது, போனது. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ராஜா மட்டும் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார்.”

கடைசி வரியில் அவர் குரல் தானாகவே உடைந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

பக்கத்தில் நின்று வரிவரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அய்யாத்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஓர் எழுத்து பிசகவில்லை! என்னே பயிற்சி!”

“ஒரு புள்ளியைக்கூட விடலையே” என்றார் இன்னொரு பக்கம் எட்டிப் பார்த்திருந்த பிரம்மநாயகம். “நானும்தான் கூடவே பாத்துக்கிட்டு வந்தேன்.”

தளவாய்க்கு அழுகை முட்டியது. இத்தனை தமிழறிந்த பெரியவர்கள். நடுவில் தாம் ஒருவர் மட்டும் மோசடி. அவர்கள் பெருந்தன்மையாகக் காப்பாற்றுகிறார்கள். இனியும் ஏமாற்றக் கூடாது. இப்போதே, எல்லார் முன்னாலும், பேராச்சி முன்னாலும் சொல்லிவிடுவது என்று மைக்கைப் பிடித்தார்.

“பெரியோர்களே, இந்த அரங்கத்தில் வாசிக்கத் தெரியாத ஒருவன்...”

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தலையில் ஒரு மூட்டையோடு, வேர்க்க விறுவிறுக்க மேடையேறினார் கிங்ஸ் சர்க்கிள் புத்தகக் கடை கரீம் பாட்சா.

“மன்னிக்கணும் அண்ணாச்சி, ஒரு மாசமா ஊர்ல இருந்துட்டு இன்னைக்குத்தான் வந்தேன், உங்க தமிழ்ப் புஸ்தகமெல்லாம் இந்தா இந்த மூட்டையில அப்படியே கிடக்கு, கடைப்பய உங்களுக்கு அனுப்பினது செம்பூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டிய மலையாளப் புஸ்தகம்லா!”